முதல் கடன் அட்டை: புள்ளிகளை எண்ணுவதற்கு முன்

ஓணத்திற்குப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் இருக்கும்போதே எங்கள் திருவனந்தபுரம் கிளையில் கடன் அட்டை விண்ணப்பங்கள் பெருகத் தொடங்கிவிடும். போனஸ், பண்டிகை முன்பணம், துணிக்கடைத் தள்ளுபடி ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேர்வதே இதற்குக் காரணம். சென்ற ஓணக் காலத்தில் அவ்வாறு வந்தவர்களுள் ஓர் இளம்பெண்ணும் இருந்தார். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் பணிக்குச் சேர்ந்து ஓராண்டு நிறைந்திருந்தது. நாகர்கோவில் வடசேரியில் மளிகைக் கடை நடத்தும் தந்தையாரும் உடன் வந்திருந்தார். மகளின் கைப்பேசியில் மூன்று அட்டைகளின் விளம்பரங்கள் இருந்தன. முதலாவது, நூறு ரூபாய்க்கு நான்கு புள்ளிகள் என்றது. இரண்டாவது, ஐந்து விழுக்காடு பணம் திரும்பக் கிடைக்கும் என்றது. மூன்றாவது, விமான நிலைய ஓய்வறையின் மெத்தை நாற்காலிகளைக் காட்டியது. இவற்றுள் எது நல்லது என்பது அவருடைய வினா. தந்தையார் மகளைப் பார்த்து வேறொன்று கேட்டார்: “நம்ம கடையில பற்றுப் புத்தகம் போடுவோம்லா மக்கா, அது மாதிரிதானே இது?”

இளம்பெண்ணின் வினாவைவிடத் தந்தையாரின் வினாவே எங்களுக்கு முதன்மையாகப் பட்டது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைச் சந்தையிலும், கரமனை, வலியசாலைத் தெருக்களின் பழைய கடைகளிலும் பற்றுப் புத்தகம் நெடுங்காலம் வழங்கிய ஒன்று. மாதச் சம்பளக்காரர் வீட்டிற்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் மாதம் முழுவதும் போகும்; கடைக்காரர் நாள்தோறும் எழுதி வைப்பார்; சம்பளம் வந்ததும் கணக்கு நேராகும். வட்டி என்ற பேச்சே இல்லை. கடன் அட்டையும் இந்த அளவில் அதே ஏற்பாடுதான். ஒரு மாதச் செலவுகள் ஒரு கணக்கறிக்கையில் திரண்டு வரும். அதன்பின் சுமார் இருபது நாள் கெடு. கெடுவிற்குள் முழுத் தொகையும் செலுத்தினால் வட்டி இல்லை. கணக்கறிக்கை வந்த மறுநாள் வாங்கிய பொருளுக்கு ஏறத்தாழ ஐம்பது நாளும், அறிக்கைக்கு முதல் நாள் வாங்கிய பொருளுக்கு ஏறத்தாழ இருபது நாளும் வட்டியில்லாக் காலமாக அமைகின்றன.

வேறுபாடு கணக்கு நேராகாத மாதத்தில்தான் தெரியும். பற்று ஏறினால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சரக்குக் கொடுப்பதை நிறுத்துவார். அந்தக் கூச்சமே கடனாளிக்கு வேலியாக நின்றது. அட்டை முகம் சுளிப்பதில்லை. வரம்பு முடியும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த மாதத்திலிருந்து வட்டியும் எழுதும். நியூயார்க்கில் 1950இல் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியபோது அது மாத முடிவில் முழுத் தொகையையும் செலுத்தியாக வேண்டிய அட்டையாகவே இருந்தது. பாக்கியை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்கும் வசதி பின்னர் வந்தது. இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் கடன் அட்டையை வெளியிட்டு வங்கி அட்டைகளுக்கு வழி திறந்தது. வெகுமதிப் புள்ளிகள் போட்டி முற்றிய பிறகு சேர்ந்தவை.

வெகுமதி எங்கிருந்து வருகிறது?

இதை எங்களிடம் கேட்பவர் அரிது; கேட்க வேண்டிய வினா இதுவே. அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரருக்குச் சேரவேண்டிய தொகையில் ஒரு சிறு பங்கு, பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு அளவில், கட்டணமாகக் கழிகிறது. அதில் பெரும்பகுதி அட்டை வழங்கிய வங்கிக்கு வருகிறது. வெகுமதியின் முதல் ஊற்று அது. ஆண்டுக் கட்டணம் இரண்டாவது. முழுத் தொகையையும் செலுத்தாதோர் தரும் வட்டியும் தாமதக் கட்டணமும் மூன்றாவது. ஆகவே எந்த அட்டையும் எல்லாச் செலவுக்கும் ஐந்து விழுக்காடு திருப்பித் தந்து நிலைத்திருக்க இயலாது. ஐந்து என்று எழுதியிருந்தால், குறிப்பிட்ட ஒரு தளத்தில், குறிப்பிட்ட மாத உச்சவரம்பிற்குள், குறிப்பிட்ட வகைப் பொருளுக்கு என்ற நிபந்தனை அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். இதில் ஏமாற்று ஏதுமில்லை, வெறும் கணக்குதான். ஆனால் படிக்காமல் கையெழுத்திட்டவருக்கு அது ஏமாற்றமாகவே முடிகிறது.

புள்ளியும் பணமும் ஒன்றல்ல. நூறு ரூபாய்க்கு நான்கு புள்ளிகள் என்றவுடன் நான்கு விழுக்காடு என்று மனம் கணக்கிட்டுவிடுகிறது. ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு என்றால் அது ஒரு விழுக்காடே. அதே புள்ளியைப் பரிசுப் பொருள் பட்டியலில் கொடுத்து மாற்றும்போது 15 காசே தேறினால் வெகுமதி 0.6 விழுக்காடாகச் சுருங்கும். 150 ரூபாய்க்கு இரண்டு புள்ளிகள் என்ற அட்டையில் 149 ரூபாய்க்கு வாங்கினால் பல வங்கிகளின் விதிப்படி ஒன்றும் சேராது. புள்ளிகளுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஆயுள் வைக்கும் அட்டைகளும் உண்டு. மாற்றும் ஒவ்வொரு முறையும் 99 ரூபாய் கட்டணமும், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் கேட்கும் அட்டைகளும் உண்டு. சேர்த்தால் 116 ரூபாய் 82 காசு. முதல் அட்டை வாங்குவோர் புள்ளிக் கணக்கைவிட, பணமாகவே கணக்கில் வரவு வைக்கும் அட்டையைத் தேர்வது நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டாம், மூன்றாம் அட்டையில் புள்ளி விளையாட்டை ஆடிக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பம். எந்தச் செலவு எந்த வகை என்பதை முடிவு செய்வது நீங்கள் வாங்கிய பொருளன்று. கடைக்கு வழங்கப்பட்ட நான்கிலக்க வணிக வகைக் குறியீடு. பல்பொருள் மளிகை அங்காடிக்கு 5411, எரிபொருள் நிலையத்திற்கு 5541 என்று பட்டியல் உண்டு. அரிசி வாங்கிய இடம் துறைவாரிக் கடை என்று 5311இல் பதிவாகியிருந்தால், மளிகைக்கு எனச் சொன்ன கூடுதல் வெகுமதி கிடைக்காமல் போகலாம். வீட்டு வாடகை, மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை, பணப்பை நிரப்புதல், பெட்ரோல், அரசுக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பல அட்டைகள் வெகுமதியை நிறுத்தியோ குறைத்தோ விட்டன. பெட்ரோலுக்குச் சொல்லப்படும் ஒரு விழுக்காட்டுச் சலுகை பெரும்பாலும் வெகுமதியன்று. அட்டையால் கூடுதலாகப் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருவது மட்டுமே. அதன்மேல் பிடித்த ஜிஎஸ்டி பொதுவாகத் திரும்புவதில்லை.

செலவைத் தாளில் எழுதுவது

அந்த இளம்பெண்ணிடம் விளம்பரங்களை மூடிவிட்டு மாதச் செலவை ஒரு தாளில் எழுதச் சொன்னோம். ஸ்ரீகாரியத்தில் வீட்டு வாடகை 14,000. சாலையிலும் பக்கத்துக் கடைகளிலும் காய்கறி, மீன், மளிகை 8,000. பல்பொருள் அங்காடியில் 6,000. இணையத்தில் வாங்குவன 5,000. பெட்ரோல் 2,500. கைப்பேசியும் இணைய இணைப்பும் 1,500. மின்சாரம் 1,000. நாகர்கோவில் ரயில் 1,000. சில்லறைச் செலவு 3,000. மொத்தம் 42,000 ரூபாய்.

இதில் வெகுமதி தரக்கூடிய செலவு எவ்வளவு? வாடகையை அட்டையில் செலுத்தினால் பல வங்கிகள் ஒரு விழுக்காடு கட்டணம் பிடிக்கின்றன, அதை நீக்கினோம். சந்தைச் செலவையும், சில்லறையையும், பெட்ரோலையும், மின்சாரத்தையும் நீக்கினோம். அங்காடி, இணையம், கைப்பேசி, ரயில் ஆகியவை மட்டும் நின்றன: 13,500 ரூபாய். விளம்பரம் 42,000 ரூபாய்க் குடும்பத்தை நோக்கிப் பேசுகிறது. அட்டை 13,500 ரூபாய்க் குடும்பத்திற்கே வெகுமதி தருகிறது.

இனி மூன்று அட்டைகளையும் இந்தத் தாளின்மேல் வைத்துப் பார்த்தோம். நான்கு புள்ளி அட்டையில் மாதம் 540 புள்ளிகள், ஆண்டிற்கு 6,480. 25 காசு வீதம் 1,620 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டியுடன் 589. ஆண்டிற்கு ஒருமுறை மாற்றினால் மேலும் 117. மிஞ்சுவது 914 ரூபாய். ஐந்து விழுக்காட்டு அட்டை ஒரே ஒரு இணையத்தளத்திற்கு உரியது. அந்தத் தளத்தில் அவர் செலவிடுவது 3,000. அதற்கு 150 ரூபாய். எஞ்சிய 10,500க்கு அரை விழுக்காடு, 52 ரூபாய் 50 காசு. ஆண்டிற்கு 2,430. கட்டணம் 999, ஜிஎஸ்டியுடன் 1,179. மிஞ்சுவது 1,251. ஓய்வறை அட்டையைப் பற்றி அதிகம் பேசவில்லை; சக்கை விமான நிலையத்திற்கு ஆண்டிற்கு எத்தனை முறை போவீர்கள் என்று கேட்டோம், அவர் சிரித்தார்.

அதே தாளில் நான்காவதாக, ஆண்டுக் கட்டணமே இல்லாத, எல்லாத் தகுதிச் செலவுக்கும் ஒரு விழுக்காடு மட்டும் தரும் எளிய அட்டையை எழுதினோம். மாதம் 135, ஆண்டிற்கு 1,620. பிடித்தம் ஏதுமில்லை. விளம்பரத்தில் மங்கலாகத் தெரிவது கணக்கில் முன்னே நின்றது.

ஐந்து விழுக்காட்டு அட்டைக்கு ஆண்டில் 2 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்ற நிபந்தனை இருந்தது. அவருடைய ஆண்டுச் செலவு 1,62,000. எஞ்சிய 38,000 ரூபாய்க்கு எதையாவது வாங்கிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. 1,179 ரூபாய் கட்டணத்தைத் தவிர்க்க, தேவையற்ற 38,000 ரூபாய்ப் பொருள் வாங்குவது எவ்வகையில் சிக்கனம் என்பதை மார்ச் மாதக் கடைசி வாரத்தில் எங்கள் முகப்பிற்கு வருவோரிடம் கேட்க நேர்கிறது.

(நாங்களும் அட்டை விற்கும் வங்கியைச் சேர்ந்தவர்களே. எங்கள் அட்டைதான் சிறந்தது என்று இக்கட்டுரையில் எழுதாததற்குக் காரணம், எல்லாருடைய தாளுக்கும் ஒரே விடை வராது என்பதே.)

குறைந்தபட்சத் தொகை என்னும் சொல்

இப்போது பெரிய செய்திக்கு வருகிறோம். மேலே கண்ட ஆண்டு வெகுமதி முழுவதையும் ஒரே மாதத்தில் இழக்கலாம். இதை எழுதும் எங்களுக்கே அவ்வாறு நேர்ந்ததுண்டு. பணியில் சேர்ந்த புதிதில், வேறொரு வங்கியின் அட்டையில் குளிர்பதனப் பெட்டி வாங்கினோம். கணக்கறிக்கையில் ‘செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை’ என்ற கட்டத்தைக் கண்டு, அதுவே அம்மாதத் தவணை என்று எண்ணிச் செலுத்திவிட்டு நிம்மதியாக இருந்தோம். வணிகவியல் படித்துப் பட்டம் வாங்கிய கை அது.

குறைந்தபட்சத் தொகை செலுத்தினால் கணக்கு தவறிய கணக்காகப் பதிவாகாது. தாமதக் கட்டணமும் வராது. அவ்வளவே. வட்டியில்லாக் காலம் அந்தக் கணமே நீங்கிவிடுகிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். எடுத்துக்காட்டாக, ஆகஸ்ட் 24 அன்று ஓணத்திற்கு 30,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள். செப்டம்பர் 10 அன்று கணக்கறிக்கை. செப்டம்பர் 30 கெடு. அன்று 1,500 மட்டும் செலுத்தினீர்கள். வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு, அதாவது ஆண்டிற்கு 42. ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 30 வரை 37 நாளுக்கு 30,000 மீது 1,277 ரூபாய். அங்கிருந்து அக்டோபர் 10 அறிக்கை வரை பத்து நாளுக்கு 28,500 மீது 328 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,605. இந்த வட்டிமீதும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு, 289 ரூபாய். ஆக 1,894. கணக்கிடும் முறை வங்கிக்கு வங்கி சிறிது மாறலாம். ஆனால் போக்கு இதுவே. 1,500 செலுத்திய பிறகும் அக்டோபர் அறிக்கையில் பாக்கி 30,394 என்று நிற்கும். வாங்கிய விலையைவிட அதிகம். அந்த 30,000 ரூபாய்ச் செலவுக்கு ஒரு விழுக்காடு வெகுமதி 300 ரூபாய் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அதோடு முடிவதில்லை. பாக்கி முழுவதும் தீரும்வரை, புதிதாக வாங்கும் தேங்காய்க்கும் சோப்புக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. தானியங்கி எந்திரத்தில் அட்டையைச் செருகிப் பணம் எடுப்பவருக்கு எக்காலத்திலும் வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டியும், தனியே ஒரு கட்டணமும் உண்டு.

இவ்வளவு உயர்ந்த வட்டியை யாரும் தடுக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல், ஆண்டிற்கு 30 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வட்டி நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகளின் மேல்முறையீட்டில் 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே அட்டைதாரரைக் காக்கும் உச்சவரம்பு இன்று அவரவர் வங்கிக் கணக்கில் இருக்கும் தொகையே. சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கழியும்படி ஒரு முறை ஒப்புதல் கொடுத்துவிடுங்கள். படிவத்தில் ‘குறைந்தபட்சத் தொகை’, ‘முழுத் தொகை’ என்று இரு கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் குறியிடுகிறோம் என்பதை இருமுறை பாருங்கள்.

‘செலவில்லாத் தவணை’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, சுழிய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை, வட்டி வேறு பெயரில் மறைகிறது என்ற பொருளில் வங்கிகளை எச்சரித்தது. இன்று வட்டிக்கு ஈடாகத் தள்ளுபடி காட்டுகிறார்கள். ஆயினும் வட்டிமீதான ஜிஎஸ்டியும் செயல்முறைக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழுவது உண்டு.

முதல் அட்டைக்கு உரிய சிக்கல்

இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணும் இல்லை. சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்களின் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமைவது. பதிவே இல்லாதவர் ஒழுங்கானவரா அல்லரா என்று வங்கியால் அறிய இயலாது. இதனால் நல்ல சம்பளம் வாங்குவோரின் விண்ணப்பமும் திரும்புவதுண்டு. திரும்பியவுடன் நான்கு வங்கிகளுக்கு ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பது நிலைமையைக் கெடுக்கும்; ஒவ்வொரு விசாரணையும் பதிவாகிறது. அதைவிட, ஒரு நிலையான வைப்பை ஈடாக வைத்து அட்டை பெறுவது நேர்வழி. வைப்பின் பெரும்பகுதி அளவிற்கு வரம்பு கிடைக்கும்; வைப்பிற்கு வட்டியும் தொடரும். வரம்பில் முப்பது விழுக்காட்டிற்குள் செலவை வைத்து, மாதந்தோறும் முழுத் தொகை செலுத்தி வந்தால், ஓராண்டில் ஈடில்லாத அட்டைக்கு அடித்தளம் அமைந்துவிடும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டிற்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவை. கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விதிகள் வாடிக்கையாளர் பக்கமும் நிற்கின்றன. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிகளின்படி, கேளாமல் அட்டை அனுப்பக் கூடாது. அனுப்பிக் கட்டணமும் போட்டால், கட்டணத்தைத் திரும்ப வரவு வைப்பதுடன் அதன் இருமடங்கைத் தண்டமாகவும் தரவேண்டும். வந்த அட்டையை முப்பது நாளுக்கு மேல் இயக்காதிருந்தால், ஓடிபி வழி ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் இல்லையேல் கட்டணமின்றி மூடிவிட வேண்டும். பாக்கி ஏதுமில்லாதவர் அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் வாடிக்கையாளருக்குச் சேரும். கட்டண மாற்றத்தை ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கெடு கடந்து மூன்று நாளுக்கு மேலானால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். வட்டிக்கும் அச்சலுகை உண்டென்று எண்ணிவிடக் கூடாது. கணக்கறிக்கை நாளை மாற்றிக் கேட்கும் உரிமையும் உண்டு. பலர் அறியாத இவ்வுரிமை மிகப் பயனுள்ளது. சம்பளம் வந்த ஓரிரு நாளில் கெடு வருமாறு அமைத்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை.

அந்த இளம்பெண் இறுதியில் ஆண்டுக் கட்டணமில்லாத ரூபே அட்டையைத் தேர்ந்தார். 50,000 ரூபாய் வைப்பை ஈடாக வைத்தார். முழுத் தொகை தானாகக் கழியும் படிவத்தில் எங்கள் முன்னிலையிலேயே குறியிட்டார். ரூபே கடன் அட்டையை 2022 முதல் யுபிஐயுடன் இணைத்துக் கடைகளின் கியூஆர் பலகையில் பயன்படுத்த இயலும் என்பதால் சாலைக் கடைகளிலும் அது செல்லும். ஆனால் வணிகக் கணக்கிற்குரிய பலகையாக இருக்க வேண்டும். கடைக்காரரின் தனிக் கணக்குப் பலகையில் செல்லாது. யுபிஐ வழிச் செலவுக்கு வெகுமதி குறைவாகவும் இருக்கலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தந்தையார், தம் கடையில் ஒட்டியிருப்பது எந்த வகைப் பலகை என்று வினவினார். பார்த்தோம், அவருடைய தனிக் கணக்குப் பலகை. சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரையிலான ரூபே கடன் அட்டை யுபிஐ வரவுக்குக் கட்டணம் இல்லை என்று சொன்னோம். வடசேரிக்கு அருகிலுள்ள எங்கள் கிளையில் நடப்புக் கணக்கு தொடங்க என்னென்ன ஆவணங்கள் தேவை என்பதை மகளின் செலவுத் தாளின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, மாலை வண்டிக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.